சொல்லிக்கொண்டு போகிறவர்

பத்மநாதன் சொல்லிக்கொள்ளாமல் ஓரிடத்தை விட்டுக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. இத்தாலியில், கால்சா என்ற பகுதியில் அவர் படிக்கட்டுக் கூட்டித் துடைக்கும் பழைய மாளிகையில், வேலை முடிந்ததும் மாடிக்கு மாடி கதவைத் தட்டி விடைபெறுவார். இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா அம்மா வீட்டில் இல்லாவிட்டால் பல்கனியில் தொங்கும் அவளுடைய கிளியிடமாவது சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். "கலியாண வீட்டிலை இந்த மனுசன் எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறதுக்குள்ளை அந்தச் சோடிக்குப் பிள்ளையே பிறந்திடும்" என்று மனைவி நாகபூசணி பகிடி பண்ணுவாள். அவள் செத்துப்போய் ஐந்து வருடம். பகிடி பண்ண இப்போது வீட்டில் ஆளில்லை.

அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த மகன் சொல்லாமல் போனான். பேர்மிங்காமுக்குப் போகிறேன் என்று சிந்துஜன் மாதக்கணக்காகக் கேட்டான். இவர் மாதக்கணக்காக வேண்டாம் என்றார். ஒரு காலை எழுந்து பார்த்தபோது அவனுடைய கட்டில் விரித்தபடி இருந்தது, பையைக் காணவில்லை. அங்கே இறங்கியதும் இவருடைய வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தான். "சொல்லாமல் போனவனோடை எனக்கு என்ன கதை?" என்று கேட்டுவிட்டு இவர் ரிசீவரை வைத்துவிட்டார். தகப்பனும் மகனும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

ஆனால் அந்த ரெலிபோன் மட்டும் பேச்சை விடவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போனவர் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வெட்ட வேண்டும், யாரும் எடுக்கக் கூடாது. சல்லிக்காசு செலவில்லாமல் சேதி வந்துவிடும். சிந்துஜன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். சண்டை நடந்து ஒரு வாரம் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் ரெலிபோன் ஒருதரம் அடித்து நின்றது. மறுநாளும் அடித்தது. பிள்ளை வேலை முடிந்து பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டான் என்று பத்மநாதனுக்கு விளங்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

அதன்பிறகு அவருடைய நாள் முழுவதும் அந்த ஒரு மணிக்காகவே ஓடியது. அந்த நேரத்தில் குழாயைத் திறக்கமாட்டார், வெங்காயம் வதக்கமாட்டார், சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமாம். எடுத்தவரின் நம்பரைக் காட்டும் நாகரிகமெல்லாம் அந்தப் பழைய ரெலிபோனுக்குக் கிடையாது. மகனுடைய நம்பரை யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். வீம்பு விடவில்லை. வேலை இடத்தில் இவருக்குக் கொடுத்த கைத்தொலைபேசி நம்பர் அவனுக்குத் தெரியாது. அதை அனுப்பிவைக்கவும் வீம்பு விடவில்லை.

இப்படியிருக்கையில் ரெலிபோன் கொம்பனி மாதக் கட்டணத்தைக் கூட்டியது. அதே சமயம் மாளிகையில் இரண்டு வீடுகள் பூட்டப்பட்டு இவருடைய வேலை நேரம் குறைந்தது. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ரெலிபோன் காட், செத்தல் மிளகாய், மாசிக்கருவாடு எல்லாம் ஒன்றாக விற்கும், சிந்துஜனையும் நன்றாகத் தெரிந்த ஊர்க்காரன் கொன்ஸ்ரன்ரைனிடம் போனார்.

"வெட்டிவிடுங்கோ அண்ணை. இந்தக் காலத்திலை ஆர் வீட்டு ரெலிபோன் வைச்சிருக்கினம்?"

"நம்பர் வேணும்."

"புது நம்பர் ஒண்டு எடுத்துத் தாறன்."

"இந்த நம்பர்தான் வேணும்."

கொன்ஸ்ரன்ரைன் ஏன் என்று கேட்டான். இவர் மிளகாய்ப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பெருமூச்சு விட்டுவிட்டுக் கொம்பியூட்டரில் தேடத் தொடங்கினான். இன்ரர்நெற் வழியாக ரெலிபோன் தரும் கொம்பனிகள் நிறையவே இருந்தன. ஒன்று மலிவு, ஆனால் பழைய நம்பரை ஏற்காது. இன்னொன்று ஏற்கும், ஆனால் உதைபந்தாட்டம் காட்டும் ரீவியையும் சேர்த்துக் கட்டியடிக்கும். பத்மநாதன் பந்தை என்ன செய்ய? கடைசியில் இரண்டு வில்லங்கமும் இல்லாத ஒன்று அகப்பட்டது. வீட்டில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள், பழைய ரெலிபோனை அதில் கொழுவலாம், நம்பர் அதேதான், கட்டணம் பாதிக்கும் குறைவு.

"ஒண்டு மட்டும் வடிவாய்க் கேளுங்கோ" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "பழைய கொம்பனியோடை நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. புதுக் கொம்பனிக்காரன் தானே நம்பரை இழுத்தெடுப்பான். அதுவரைக்கும் பழைய லைன் உயிரோடை இருக்கவேணும். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்" என்றார்.

விளங்காமல் இல்லை. மனம்தான் கேட்கவில்லை. இருபது வருடமாக இருந்த இடம். முதல் இணைப்பை எடுக்க நாகபூசணியும் அவரும் கைக்குழந்தையோடு போய் பழைய கொம்பனிக் கடையில் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு சொல் சொல்லாமல் கள்ளனைப் போல நழுவுவதா? கொன்ஸ்ரன்ரைன் கடைக்காரன், கொடுக்கல் வாங்கல் தெரியும், மரியாதை தெரியுமா என்று தனக்குள் தீர்ப்பும் வழங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை நல்ல சேட்டு ஒன்றை மினுக்கிப் போட்டுக்கொண்டு, எள்ளு பிஸ்கட் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு வியா மக்வேதா தெருவில் இருந்த கொம்பனிக் கடைக்குப் போனார். மேசையில் இருந்த இளம் பெண்ணிடம் தமக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். இத்தனை வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். இப்போது நான் வேறிடம் போகிறேன். குறை ஒன்றும் இல்லை. நன்றி சொல்ல வந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே வருகிறவர்கள் கத்துவதற்கு மட்டுமே வருகிறவர்கள். அப்படியானால் லைனை நானே மூடித் தருகிறேன், நீங்கள் அலையவேண்டாம் என்றாள். போகிறவன் கணக்கை மூடிவிட்டுப் போவதுதானே முறை? காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். அவள் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள். மிகுந்த திருப்தியோடு நடந்து வீடு வந்தார்.

இரண்டு நாளில் ரெலிபோன் ஊமையானது. கொன்ஸ்ரன்ரைன் அங்கும் இங்கும் எடுத்துக் கதைத்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"ஆர் உங்களை அங்கை போகச் சொன்னது? மூடின நம்பரை இழுக்கேலாதாம். அது செத்துப்போச்சு அண்ணை."

"திரும்பக் கேட்டால் தரமாட்டினமோ?"

"கேட்டுப் பாத்திட்டன். இல்லையாம்."

பெட்டி வந்தது, வேறொரு நம்பரோடு. பச்சை விளக்கு எரிந்தது. பத்மநாதன் பழைய ரெலிபோனை அதில் கொழுவிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, போனது. உலகத்தில் யாருக்கும் தெரியாத நம்பர், யார் அடிக்கப்போகிறார்கள்? எழுந்து குழாயைத் திறந்துவிட்டார். இனித் தண்ணீர் எவ்வளவு சத்தம் போட்டாலும் பாதகமில்லை.

மறுநாள் மகனுடைய நம்பரைக் கேட்பது என்று முடிவெடுத்துக் கொன்ஸ்ரன்ரைனின் கடைக்குப் போனார். கடைவாசலில் நின்று யோசித்தார். உள்ளே போய்க் கால் கிலோ செத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்கடுத்த நாளும் போனார். வீட்டில் மிளகாய் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிறு பின்னேரம் யாரோ கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். கொன்ஸ்ரன்ரைன் படியேறி மூச்சு வாங்க நின்றான். கையில் அவனுடைய போன்.

"உங்கடை மகன். கடைக்கு எடுத்தவன். லைனிலை நிக்கிறான்."

பத்மநாதன் போனை வாங்கினார். காதில் வைத்தார்.

"அப்பா? அப்பா, இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

மறுபக்கத்தில் மூச்சு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு கோபமும் அழுகையும் சேர்ந்து கொட்டின. "அந்த நம்பர் இல்லை, இல்லை எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு பொம்பிளை சொல்லுறாள். நான் நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சிட்டன். அங்கை வாறதுக்கு ரிக்கெற்றும் பாத்திட்டன். எனக்கு ஒரு சொல் சொல்லாமல் வெட்டிப்போட்டியளே அப்பா!"

பத்மநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கிளிக்குச் சொல்கிற மனிதர். பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை.

அவருக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

"வீட்டை போய்ச் சேர்ந்திட்டியோ தம்பி?"

"ஓம் அப்பா. இப்பதான்."

வாசலில் நின்ற கொன்ஸ்ரன்ரைன் கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்தவன், போனுக்காகக் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றான். பத்மநாதன் அவனைப் பார்த்தார், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டார். "போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெற அவருக்கு வாய் வரவில்லை.