வேராவின் ரூபிள்

மன்னாரிலிருந்து வந்த இமெல்டா, லின்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கிருக்கும் ரஷ்யப் பெண்மணி வேராவுக்குத் தாய் விட்டுச்சென்றது, சங்கிலியில் கோத்த ஒரு பழைய வெள்ளி ரூபிள் மட்டும்தான். திங்கட்கிழமை இருவரும் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பியபோது வேராவின் கழுத்தில் சங்கிலி இல்லை. காலையில் கொக்கியை மாட்டிவிட்டவள் இமெல்டாதான். அன்று இருவருக்குமே சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அதே தெருவில் தேடிக்கொண்டு போனவள், அங்கே டெய்ரி என்று சொல்லும் மூலைக்கடையில் விசாரித்தாள். கடைக்காரர் ஜெயபாலன் மலேசியத் தமிழர். அவர் இழுப்பறையைத் திறந்து எதையோ கைக்குள் மூடிக்கொண்டார்.

"ஒரு காசு கிடைச்சிருக்கு. அதுல என்ன படம்னு சொல்லுங்க, பாப்போம்."

"ரெண்டு தலைக் கழுகு, அண்ணா. மேல மூண்டு கிரீடம். ஒரு கால்ல செங்கோல், மற்றக் கால்ல சிலுவை வைச்ச உருண்டை."

"நெஞ்சுல?"

"குதிரையில எங்கட புனித ஜோர்ஜியார். ஈட்டியால பறக்கிற நாகத்தைக் குத்துறார்."

ஜெயபாலன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஆமா, இருக்காரு!" என்று சிரித்தபடி நாணயத்தைச் சங்கிலியோடு அவள் உள்ளங்கையில் வைத்தார். இமெல்டா அதை இறுகப் பிடித்தபடி இல்லத்துக்கு விரைந்தாள்.

வேரா அதை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு இரண்டு பேருக்கும் தேநீர் கேட்டார்.