செபஸ்ரியன் சொன்ன யா

நொர்வேயின் தலைநகர்ப் புறமான ஹொல்ம்லியாவில், எமிலியாவின் சமையலறை மேசையில் லீசா தாள்களைப் பரப்பினாள். நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் கரையில் அவள் பிறந்த மீன்பிடி ஊரில் யார் யார் எப்போது குடியேறினார்கள் என்று புத்தகம் எழுதுகிறாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் எரித்துவிட்டுப் போன சாம்பலில் திரும்ப வீடு கட்டியவர்கள் முதல், எண்பத்தேழில் மீன் ஆலைக்கு வந்த தமிழர் வரை. நாளை அச்சுக்குப் போகிறது.

"பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்," என்று சொல்லிவிட்டு நொர்வேஜிய மொழியில் வாசித்தாள். "செபஸ்ரியன் முதலில் கத்தியை உருவினார்."

"யா," என்று நொர்வேஜிய மொழியில் ஓம் போட்டார் எமிலியாவின் கணவர் செபஸ்ரியன்.

"ஊர்க்காரர் தற்காப்புக்காகவே தாக்கினர்."

"யா, யா."

லீசா சரி போட்டாள். எமிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னப்பா, என்னத்துக்கு யா?"

"கேக்கிறன் எண்டு சொன்னனான்."

"அண்டைக்குப் பொலிசிலையும் உப்பிடித்தானே! எங்கட ஆக்கள் கதை கேக்கேக்க ஓம் ஓம் எண்டுற மாதிரி யா யா எண்டியள். பொலிஸ்காரன் நீங்கள் ஒப்புக்கொண்டதெண்டு எழுதிப்போட்டான். இனிப் புத்தகத்திலையும் கொலைகாரனா நிக்கப்போறியளோ?"

அன்று ஊர்க்காரர் மூன்று பேர் மீன் ஆலை விடுதிக் கதவை உடைத்து வந்தார்கள். "எங்கள் அப்பன்மார் சாம்பலில் கட்டிய ஊர். நீ யாரடா?" கேட்டவன் செபஸ்ரியனின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. விரல் எலும்புகள் நொறுங்கிய சத்தம் அவருடைய அலறலையும் தாண்டிக் கேட்டது. மற்றவன் மீன் இழுக்கும் கொக்கியால் முதுகைக் கிழித்தான். முதலாமவன் நான்காம் முறைக்குக் கதவைத் திறந்தபோதுதான் எமிலியா மீன்வெட்டும் கத்தியை அவன் தொடையில் பிடிவரை இறக்கினாள். விடிவதற்குள் அவன் இரத்தம் போய்ச் செத்தான்.

இப்போது அவள் லீசாவைப் பார்த்தாள். "குத்தியது நான். கதவு அவர் கையை நசுக்கிய பிறகு."

லீசா பேனையைக் கீழே வைத்தாள். "செபஸ்ரியன், இது உண்மையா?"

"நை," என்றார் அவர்.

எமிலியா திகைத்துப்போனாள். எதற்கும் யா சொல்லும் மனிசன்.

"இல்லையெண்டுறியளோ?" என்றாள் தமிழில். "அப்ப பொலிசிலை சொன்ன யா... தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"நீ தேத்தண்ணியைப் போடு."

அவள் பேனையை எடுத்தாள். கோணிப்போன விரல்களால் அவர் அவள் மணிக்கட்டை இறுக்கினார்.

"விடுங்கோ."

"விடமாட்டன்."

நொந்த விரல்கள் என்று தெரிந்தும் அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கினாள். அவர் அனுங்கினார். கை விடுபட்டதும், தாள் கிழியுமளவுக்கு அழுத்தி அவருடைய பெயரை வெட்டி, மேலே எழுதினாள்: எமிலியா.