மார்பளவு நாற்பத்து நான்கு

உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடைக்குள் நுழைந்த தையல்காரம்மா, முதல் காரியமாகக் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கையில் எடுத்தாள். வரவேற்க வந்த விற்பனைப்பெண் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எடையைத் தூக்கிப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், சிலர் கண்ணாடியில் தங்கள் புஜத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நாடாவோடு வந்தவர் இதுவரை யாருமில்லை.

"யாருக்கும்மா பாக்குறீங்க? பையனுக்கா?"

"எனக்குத்தான்."

அந்தப் பெண் அவளுடைய நரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெத்தென்ற இருக்கை வைத்த சைக்கிளிடம் நேராகக் கூட்டிப்போனாள். "உங்க வயசுக்கு இதுதாம்மா நல்லது. முட்டி நோகாது. டிவி பாத்துக்கிட்டே மிதிக்கலாம்."

"மிதிச்சா ஆளத் தூக்க வருமா?"

ஆளைத் தூக்குவதுதான் விஷயமே. அவளுடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நல்ல உயரம், அதற்குச் சளைக்காத வயிறு. பக்கவாதம் வந்து போனதில் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சமீபத்தில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. எழுப்பத்தான் முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தாள், துண்டைக் கட்டி இழுத்தாள், கடைசியில் அவளும் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். தங்கமான மனிதர், மச்சினனையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கும்போது இடுப்பில் சுற்றியிருந்த துண்டு நழுவிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனிதர் வாசல் பக்கமே போவதில்லை. குளிப்பதற்கும் பிடிவாதமாக மறுத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறார்.

விஷயம் தெரிந்ததும் மகள் தொலைபேசியில், "பேசாம அப்பாவ நல்ல இல்லமா பாத்து சேத்துரலாம்மா. அங்க தூக்கிவிட ஆளுங்க இருப்பாங்க" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தவர் சுவரைப் பார்த்தபடி, "சேத்துருங்க" என்றார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட வீட்டை இரண்டாக்குகிறவர் இப்படி ஒரே வார்த்தையில் அடங்கியதை அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஆற்றாமையோடுதான் கடைக்கு வந்திருந்தாள்.

விற்பனைப்பெண்ணுக்குக் கதை முழுக்கத் தெரிந்ததும் சைக்கிளை விட்டுவிட்டாள். கையெடைகளைக் காட்டினாள், எடை கூட்டிக் குறைக்கும் நீளக் கம்பியைக் காட்டினாள், இழுத்தால் நீளும் ரப்பர் பட்டைகளையும் காட்டினாள். தையல்காரம்மா ஒவ்வொன்றையும் துணிக்கடையில் சேலை பார்ப்பது போலத் தடவித் தடவிப் பார்த்தாள். கம்பி பிடித்திருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"எல்லாத்துலயும் பிடிக்க வாகா ஒரு எடம் வச்சிருக்கீங்களே. எங்க வீட்டுக்காரருக்குக் கைப்பிடி கிடையாதும்மா."

விற்பனைப்பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு நீளப் பையைக் காட்டினாள். மணல் நிரப்பித் தூக்குவதற்காம். கனம் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும், பிடி நழுவும், கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். தையல்காரம்மா நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பையைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது.

"இத நானே தைச்சுக்குவேன்" என்றாள்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், காது வைத்த இரும்புக் குண்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள். அதை வைத்து விற்பனைப்பெண் கடைக்குள்ளேயே சொல்லிக்கொடுத்தாள். "முதுகால தூக்காதீங்க. இடுப்ப பின்னால தள்ளுங்க. கனம் உடம்போட ஒட்டி இருக்கட்டும். மேல இழுக்கறதா நெனைக்காதீங்க, காலால தரையத் தள்ளுறதா நெனைங்க." தையல்காரம்மா தரையைத் தள்ளிப் பார்த்தாள். இத்தனை வருடம் தையல் மெஷினை மிதித்த கால்களுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லாரித் தார்ப்பாய்த் துணியை விரித்து வெட்ட உட்கார்ந்தாள். அவர் அளவை எடுக்க வேண்டியதே இல்லை, காலம் காலமாகச் சட்டை தைத்துப் போட்டவள். மார்பு நாற்பத்து நான்கு, வயிறு அதற்கும் மேலே. தோள் சரிவுகூட விடாமல் வைத்து, இரட்டைத் தையல் போட்டாள். தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் கேட்டு வாங்கி, வாளி வாளியாகக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் நிரப்பினாள். வாயைத் தைத்து முடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, கட்டிப்பிடித்து, காலால் தரையைத் தள்ளினாள்.

மூட்டை அசையவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். கல்லுப்பிள்ளையாராக அப்படியே இருந்தது. புருஷனின் அளவுக்கே வைத்தது இப்படி என்றால் புருஷனை எங்கே தூக்குவது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"அது யாரு?"

"நீங்கதான்."

"என் தொப்பை அவ்வளவு இருக்கா?"

"இன்னும் ஒரு விரல் கூட. பாவம்னு குறைச்சு வச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் தன்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மணலு மனுஷன விட கனம். அந்த அளவுக்கு ரொப்பினா ரெண்டு ஆளு கனம் வரும். ஆயுசு பூரா லோடு அடிச்சவன் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்கதான் பேச்சையே நிறுத்திட்டீங்களே."

"தையலப் பிரி" என்றார். "மணல சின்னச் சின்னப் பொட்டலமா கட்டு. மிச்ச எடத்துல வெட்டுத்துணியப் போட்டு அமுக்கு. கனத்த ஒரே பக்கம் வைக்காத, லோடு சரிஞ்சா வண்டி கவுந்துரும்."

அதன் பிறகு தினமும் காலையில் அதுவே அவருடைய உத்தியோகமானது. முதலில் வெறும் துணியும் ஒன்றிரண்டு பொட்டலமும். அவள் தூக்கத் தூக்க, ஒவ்வொரு பொட்டலமாகக் கூட்டச் சொல்வார். முதுகு வளைந்தால் நாற்காலியின் கையில் தட்டுவார். அவசரப்பட்டால், "மேடு ஏறும்போது கியர மாத்து, ஆக்சிலேட்டர மிதிக்காத" என்பார். அவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் அந்தக் குரல் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது. தொடையில் முன்பு இல்லாத ஒரு கெட்டித்தனம் வந்திருப்பதை மெஷின் முன் உட்காரும்போது தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இந்த வயதிலும் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

மூட்டை அவர் எடைக்கு வந்து, தரையை விட்டு எழும்பியும் ஆயிற்று. அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். இல்லம் பார்த்தாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுகிறாளாம். தையல்காரம்மா அதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் மூட்டையை இழுத்துப் போடும்போது அவர் தடுத்தார்.

"அது போதும். என்னை எறக்கி விடு."

"தரையிலயா? தூக்க முடியலன்னா?"

"மாடிவீட்டுக்காரரத்தான் கூப்பிடணும். இந்தத் தடவ பேன்ட் போட்டிருக்கேன்ல."

அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்தாள். தரையில் உட்கார்ந்ததும் அந்தப் பெரிய மனிதர் சின்னதாகிவிட்டார். எதிரே குத்தவைத்து, அக்குளுக்கடியில் கைகளைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்தாள். அளவு நாடாவின் ஒரு முனை எப்படியோ அவர் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டு அவள் கழுத்தை இழுத்தது. தலையை ஆட்டிப் பார்த்தாள், வரவில்லை. கோத்த கையைப் பிரிக்க மனமில்லாமல் விட்டுவிட்டாள்.

மூட்டைக்கு இல்லாதது ஒன்று இவரிடம் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவள் தோளில் தெரிந்தது.

"பயமா இருக்கா?"

"நீ தரையத் தள்ளு."

அவள் தள்ளினாள். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. குதிகால் மட்டும் தரையில் அழுந்திக்கொண்டே போயிற்று. அவருடைய வலது கால் ஊன்ற இடம் தேடித் துழாவுவது கேட்டது. தொடை நடுங்கியது, காதுக்குள் ரத்தம் இரைந்தது. அவர் முகம் அவள் கழுத்தில் புதைந்திருந்ததால் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை. கழுத்தில் விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்த நாடா அப்போது சட்டென்று தளர்ந்தது. அதன் நுனி அவருக்கடியிலிருந்து வழுக்கி வெளியே வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் மெல்ல ஆடத் தொடங்கியது.