பூட்டியிருந்த கோப்பிக் கடை

பெப்ரவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, வான் வண்டியின் பின்பக்கம் சூடாறாத பற்றிஸ் பலகாரத் தட்டுகளோடு வந்த தியாகலிங்கம், அந்த மாகாண அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் தகரப் பீப்பாவுக்குள் நெருப்பு எரிவதைக் கண்டார். சுற்றிவரக் கையில் கோஷம் எழுதிய மட்டைகளோடு ஒரு கூட்டம். எல்லாரும் மேல்மாடிக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள், நாள் தவறாமல் கீழேயுள்ள அவருடைய கடையில் கோப்பி வாங்குகிறவர்கள்தான். ஆனால் வீதியோரத்தில் நெருப்பையும் சனத்தையும் சேர்த்துக் கண்டவருக்கு முகங்கள் பிடிபடவில்லை. வானைத் திருப்பியவர், மோர்னிங்சைட்டில் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டார்.

"என்னப்பா, பற்றிஸெல்லாம் அப்பிடியே கிடக்கு?" என்றாள் மனைவி புஸ்பராணி.

"கந்தோரெல்லாம் பூட்டு. கர்த்தால்."

"இஞ்சையுமோ?"

"இஞ்சையும்தான். நெருப்புக் கொளுத்திப்போட்டு நிக்கினம்."

அவள் பற்றிஸ் தட்டுகளை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோனாள். கர்த்தால் என்றால் கடை பூட்ட வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த எவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆர் அறிவித்தது, எதற்கு என்று விசாரிக்கிற வழக்கமும் கிடையாது. அப்படியொரு நாளில் அரைக்கதவு திறந்து யாரோ ஒரு தாய்க்குப் பால்மா கொடுத்த சிவபாதத்தின் கடை பின்னேரமே சாம்பலானது. பக்கத்துக் கடைக்காரரான தியாகலிங்கம் அந்தச் சாம்பலை மிதித்துக்கொண்டுதான் மறுநாள் தன் கடையைத் திறந்தார்.

லிஃப்டுக்கு எதிரே ஒரு பாய் விரிக்கிற அளவு இருந்த இந்தக் கோப்பிக் கடை அவருக்குச் சும்மா வந்ததல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யூனியன்வில்லில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவி விரல்நுனி உரிந்த பிறகு, இனி ஒருத்தரின் எச்சிலையும் தொடுவதில்லை என்று எடுத்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் கட்டட நிர்வாகம் குத்தகையைப் புதுப்பித்துத் தர வேண்டும். அது அவருக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் அடங்கியபின் போய்க் கேட்கலாம் என்றிருந்தார். கர்த்தால் நேரத்தில் எந்த ஊரில் வாடகைப் பேச்சுப் பேசுகிறார்கள்?

ஆனால் இந்தக் கர்த்தால் அடங்குவதாயில்லை. சாரம் கட்டியபடி சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்தார். கோட் போட்ட ஒருவர், வெளியே நிற்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லாததால் வரி கட்டுகிறவர்களுக்குக் காசு மிச்சம் என்றார். தானும் வரி கட்டுகிறவன் என்பது தியாகலிங்கத்துக்கு அப்போது உறைக்கவில்லை. உண்மையில் ஒன்றும் உறைக்கவில்லை. கோபமில்லை, பயம்கூட இல்லை. உடம்பும் மனமும் விறைத்துப்போய்க் கிடந்தன. "ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று புஸ்பராணி சொல்லும்போதெல்லாம், "சனம் நிக்குது" என்பார்.

மார்ச் முடிகிற நேரம் நீக்கிலாஸ் வீட்டுக்கு வந்தான். ஒரு கொன்ராக்ட் கொம்பனிக்காக அதே கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவன்.

"அண்ணை, ஏன் கடையைத் திறக்கேல்லை?"

"கர்த்தாலடாப்பா."

"அது அவையின்ரை ஸ்ட்ரைக். உங்களை ஆர் பூட்டச் சொன்னது? மனேஜர்மார் உள்ளுக்கை வேலைதான் செய்யினம். நானும் போறன். வாசல்லை கொஞ்ச நேரம் மறிச்சுப்போட்டு விடுவினம்."

"விடுவினமோ?"

"விடுவினம்." நீக்கிலாஸ் தரையைப் பார்த்தான். "கோப்பி இல்லாமல் அந்தரப்பட்டு மனேஜர்மார் மெஷின் ஒண்டு எடுப்பிச்சிட்டினம், அண்ணை. உங்கடை இடத்திலைதான் நிக்குது."

தியாகலிங்கம் நிர்வாகத்துக்குப் போன் செய்தார். திறக்காத கடைக்குக் குத்தகையைப் புதுப்பிப்பதற்கில்லை என்று மறுமுனையில் ஒருவர் மிக மரியாதையாகச் சொன்னார். அவரும் மரியாதையாகத் தாங்க்யூ சொல்லி வைத்தார்.

வேலைநிறுத்தம் முடிந்து எல்லாரும் திரும்பிய முதல் காலை, சாமான்களை எடுத்துவரப் போனார். பற்றிஸ் சூடாக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, மூன்றாம் மாடியில் கிளார்க்காக இருக்கும் செலீன் ஓடிவந்து அவருடைய கையைப் பற்றினாள். பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டு, இவர்தான், இவரேதான் என்றாள். நாங்கள் வெளியே குளிரில் நிற்க, எங்களுக்காகத் தன் கடையைப் பூட்டிவிட்டுப் போன ஒரே மனிதர் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது. நெருப்பைச் சுற்றி நின்று உங்களைப் பற்றித்தான் கதைப்போம் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"யேஸ், யேஸ்" என்றார் தியாகலிங்கம்.

செலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையில் சில்லறை தேடினாள். அவரைத் தாண்டிப் போய் மெஷினுக்குள் போட்டாள். காகிதக் கோப்பை ஒன்று கீழே விழுந்து நேராக நின்றது. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் சேர, வரிசைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று தியாகலிங்கம் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சற்று விலகி நின்றார்.