தொண்ணூற்றாறுக்கு அப்புறம் எண்பத்தொன்று

தொள்ளாயிரம் பக்கத் தலையணைப் புத்தகத்தைப் படிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒற்றுக்கு இருந்த காரணம், தங்கை வீட்டு ஹாலில் ஒரு நாற்காலி.

ஒற்று என்பது பட்டப்பெயர். பள்ளிக்கூட நாளில் தங்கைக்கு வந்த காதல் கடிதம் ஒன்று இவள் கையில் சிக்கியது. வீட்டில் போட்டுக் கொடுக்கவில்லை. விட்டுப்போயிருந்த க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்பு மையில் போட்டு, மடித்து, தங்கையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் காதல் போன இடம் தெரியவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிறகு தங்கை இலக்கியம் படித்துக் கல்லூரியில் பேராசிரியை ஆனாள். ஒற்று ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனாள். இருபத்தாறு வருஷமாக மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். தலைசுற்றல் ஏற்படலாம், வாந்தி ஏற்படலாம், மருத்துவரை அணுகவும்.

தங்கை மேல்மாடி, ஒற்று கீழே. அடுப்பு ஒன்றுதான், அது மேலே இருந்தது. கரண்டி ஒற்றின் கையில் இருந்தது. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் தங்கையின் ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய பெரிய புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஒற்று டீ போடுவாள். ஒரு தடவை தட்டோடு ஹாலுக்கு வந்தவள், பேச்சு சுவாரசியமாக இருக்கவே, கதையில் வரும் அந்த ஆள் ஏன் ஊரை விட்டுப் போனான் என்று கேட்டுவிட்டாள்.

"உனக்கு அது புரியாதுக்கா," என்றாள் தங்கை சிரித்துக்கொண்டே. "நீ எழுத்தைத்தான் பாப்ப. கதையைப் பாக்க மாட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். ஒற்றும் சேர்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்ததுதான் பிற்பாடு அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அன்றைக்கே, பாத்திரம் துலக்கின கையோடு, அடுத்த மாதம் எந்தப் புத்தகம் என்று கேட்டாள். தங்கை அலமாரியிலிருந்து தன் சொந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல், ஒரு படகுத்துறைக் குடும்பத்தின் கதை. முழுசாக முடித்துவிட்டு வந்தால் ஹாலில் ஒரு நாற்காலி போடுவதாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, ஒற்று அதைச் சபதமாகவே எடுத்துக்கொண்டாள்.

அதில் பேர்போன ஓர் இடம் இருப்பது சமையலறையிலிருந்தே அவளுக்குத் தெரியும். தங்கை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: நூறாவது பக்கத்தில், ஓடிப்போன மகனின் கடிதத்தை அந்தத் தாய் சுக்குநூறாகக் கிழித்து ஆற்றில் விடுகிறாள், அதை எப்போது படித்தாலும் தனக்குக் கண்ணீர் வந்துவிடும். அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று கல்லூரியிலும் அவளுக்குப் பெயர்.

படிக்க ஆரம்பித்த பிறகுதான் சனியன் பிடித்தது. ஒற்றுக்கு ஒரு வேலைப் பழக்கம் உண்டு. வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே கீழே இறக்குவாள். அர்த்தத்தின் பின்னால் போனால் எழுத்து கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பயமுறுத்தியிருந்தார்கள். "இரண்டு மாத்திரை" என்பது "இருபது மாத்திரை" ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அப்படிப் பழகிய கண் இப்போது அர்த்தத்தின் பக்கம் திரும்புவேனா என்றது. படகோட்டி துடுப்பைப் போட்டானா எடுத்தானா என்பது மண்டையில் ஏறவில்லை. "துடுப்பை போட்டான்" என்று அச்சாகியிருந்தது, ப் இல்லை. அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பேருந்தில் படித்தாள், சாப்பாட்டு இடைவேளையில் படித்தாள், அரிசி வேகும் நேரத்தில் படித்தாள். அளவுகோலை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். கை தானாகத் துழாவி அதை எடுத்துக்கொண்டது. பென்சிலை ஒளித்து வைத்தால் நகத்தால் கீறினாள். ஒரு பக்கம் முடித்து, என்ன படித்தோம் என்று தன்னையே கேட்டால், மூன்று பிழை என்று பதில் வந்தது. இருநூற்று நாற்பதாம் பக்கத்துக்கு வந்தபோது அந்தத் தாய் கடிதத்தைக் கிழித்ததே தனக்கு நினைவில்லை என்று உறைத்தது. தங்கை அழுகிற இடத்தைத் தாண்டி வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. புத்தகத்தை மூடி மேசையில் தொப்பென்று போட்டாள். இந்த ஜென்மத்தில் தனக்கு இது விதிக்கவில்லை என்று நினைத்தாள்.

அந்தத் தொப்பில் புத்தகத்தின் முதுகு தையல் விட்டுக்கொண்டது. மறுநாள் அச்சகத்துக்கு எடுத்துப்போய் பைண்டரிடம் கொடுத்தாள். பைண்டருக்குப் படிக்கிற பழக்கம் அறவே கிடையாது. புத்தகத்தைக் கையில் எடுத்து, ஓரத்தை விரலால் ஒரு தடவை சரசரவென்று விட்டார்.

"பாரம் ரெட்டிச்சிருக்கேம்மா," என்றார்.

பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து, மடித்து, அடுக்கித் தைப்பார்கள். அந்தப் பதினாறும் சேர்ந்ததுதான் ஒரு பாரம். இந்தப் புத்தகத்தில் ஆறாவது பாரத்தை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, ஏழாவதை விட்டுவிட்டார்கள். தொண்ணூற்றாறுக்கு அப்புறம் திரும்பவும் எண்பத்தொன்று. அந்தப் பதினாறும் மறுபடி ஓடி, பிறகு நேரே நூற்றுப்பதின்மூன்று. பக்க எண் அடியில் இருந்தது, கடைசி வரிக்கு வரும்போதெல்லாம் ஒற்றின் அளவுகோல் அதை மறைத்துவிட்டிருந்தது.

"ரெண்டு தடவை படிச்சீங்களா?" பைண்டருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ஒரே கதை திரும்ப வருதேன்னு தோணலையா?"

ஒற்று பக்கங்களைப் புரட்டினாள். எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை பென்சில் வட்டங்கள் பதினான்கு. அடுத்து வந்த எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை, அதே இடங்களில், பதினைந்து. முதல் சுற்றில் ஒன்றை விட்டிருந்தாள். முதலில் அந்த ஒன்றுக்காகத்தான் மனம் பதறியது. மற்றது அதன் பிறகே உறைத்தது. ஒரே சண்டையை, ஒரே கல்யாணப் பேச்சை இரண்டு தடவை கடந்து வந்திருக்கிறாள், ஒரு மண்ணும் தெரியவில்லை. தங்கை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி வாய் தண்ணீர் குடிக்கும்போது, இன்னொன்று பொறி தட்டியது. இது தங்கையின் புத்தகம். இதில் நூறாவது பக்கமே கிடையாது.

அப்படியானால் அவள் எதைப் பார்த்து அழுதாள்? ஒற்று புத்தகத்தை மறுபடி திறந்தாள். தங்கையின் பச்சை மைக் கோடுகள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எழுபத்தெட்டாம் பக்கத்தில் நின்றிருந்தன. அதற்கப்புறம், ஒற்றின் பென்சில் பட்ட இடங்களைத் தவிர, கடைசி அத்தியாயம் வரை தாள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போனாள். அங்கே வேறொரு பிரதி இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே தொண்ணூற்றேழைத் திறந்தாள். கையில் பென்சில் இல்லை, அளவுகோலும் இல்லை. அந்தக் கடிதம் எங்கே, அந்தக் கடிதம் எங்கே என்று கண் ஓடியது. பிழை இருந்ததா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அந்தத் தாய் கடிதத்தைக் கிழிக்கவே இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அது வீட்டில் யாருக்கும் தெரியாது. மருமகள்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கடிதத்தைப் பிரித்து, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பது போல் பார்க்கிறாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் சௌக்கியமாக இருக்கிறானாம், எல்லாரையும் கேட்டிருக்கிறானாம் என்கிறாள். அவ்வளவுதான். ஒற்று நின்ற இடத்திலேயே அழுதாள். நூலகத்துக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் கவனிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. புத்தகம் பாதிகூட முடியவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் மேலே போய், ஜன்னலோர நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

"முடிச்சிட்டியாக்கா?" என்றாள் தங்கை.

"முடிக்கல."

தங்கையின் பார்வை சமையலறைப் பக்கம் போய் வந்தது. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பேச்சு தொடங்கிக் கால்மணி நேரத்தில் கடிதம் வந்தது, கிழிந்தது, ஆற்றில் போனது. தங்கையின் குரல் வழக்கமான இடத்தில் கம்மியது. எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் அந்தப் பக்கம் வரை படித்திருக்கவில்லை போலிருக்கிறது. ஒற்றுக்கு ஆத்திரம் நெஞ்சு வரை வந்தது. இவளா எனக்குப் புரியாது என்றவள்?

"அந்த இடத்தை நீயே வாசிச்சுக் காட்டேன்," என்று புத்தகத்தை நீட்டினாள். "உன் புத்தகம்தானே."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தங்கை வாங்கிப் பிரித்தாள். தொண்ணூற்றாறு. அடுத்த தாள். திருப்பினாள், மறுபடி புரட்டினாள், பென்சில் வட்டங்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கண்ணில் இருந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. அப்புறம் குனிந்து, கல்யாணச் சண்டை அச்சாகியிருந்த அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, தாய் கடிதத்தைக் கிழிக்கிற கதையை வாசிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. வாக்கியங்கள் நன்றாகவே இருந்தன, ஓர் ஒற்றுகூடப் பிசகவில்லை.

அங்கே அது இல்லை என்று சொன்னால் போதும். ஒற்றின் வாய்வரை வந்தது. ஆனால் குனிந்திருந்த தங்கையின் உதட்டைப் பார்க்கப் பார்க்க, நூலகத்தில் படித்த அந்தக் கிழவியே எதிரில் உட்கார்ந்திருந்தாள். கோபம் தீரவில்லை, கூடவே பரிதாபமும் வந்து தொலைத்தது. அது கோபத்தைவிட எரிச்சலாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

தங்கை முடித்தாள். என்ன மாதிரி எழுத்து என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். தங்கை புத்தகத்தை மடியில் கவிழ்த்து, டீ குடிக்கலாமா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பழக்கத்தில் அக்கா பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு நீ போடு," என்றாள் ஒற்று. "நான் உக்காந்திருக்கேன்."

தங்கை எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒற்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சர்க்கரை எங்க இருக்கு?"

"நூறாவது பக்கத்துல பாரு," என்றாள் ஒற்று.

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சமையலறையில் டப்பாச் சத்தம் நின்றுவிட்டது.