அத்தை சொல்லும் பேர்

என் பெயர் திவ்யலட்சுமி. ஆனால் என் காகிதங்கள் இதில் ஒற்றுமையாக இல்லை. பள்ளிச் சான்றிதழில் திருவனந்தபுரத்துப் பழக்கப்படி லெக்ஷ்மி, ஆதாரில் லட்சுமி, பாஸ்போர்ட்டில் திவ்யா ஒரு பக்கம், லக்ஷ்மி ஒரு பக்கம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்தே எனக்கு முப்பது வயதாகிவிட்டது. அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியதுமே முடிவு செய்தேன். இதற்குச் சின்னப் பெயர், நானே வைப்பேன், எழுத்தையும் நானே சொல்வேன்.

ஐந்தாம் மாதத்தில் பொன்முடிக்குப் போகும் வழியில் கல்லாற்றில் டீ குடிக்க இறங்கினோம். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து ஆற்றை மூடிவிட்டது. பள்ளியில் படித்த ஒரு சொல் எங்கிருந்தோ வந்து நின்றது. எழிலி. மழைமேகம். பெண் பிறந்தால் இதுதான் என்று பத்மகுமாரிடம் சொன்னேன். நல்லாருக்கு என்றார். அவர் நல்லாருக்கு என்று சொன்னால் காதில் சரியாக வாங்கவில்லை என்று அர்த்தம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இதைக்கூட நான் அப்போது படித்துவைத்திருக்கவில்லை.

ஆனியில் பெண்ணே பிறந்தாள். சின்னப் பெயருக்கு இத்தனை தொல்லை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இங்கிலீஷில் இசட் எச் போட்டால் வடக்கே எசிலி என்பார்கள். எல் போட்டால் எலி வந்து உட்கார்ந்துகொள்ளும். துபாயில் இருக்கும் என் தம்பி கடைசியில் இரண்டு ஈ போட்டால் ராசி என்றான். கீழ்வீட்டு சேச்சி அழகாக ழகரம் சொன்னாள், ஆனால் அது ஏழிலம்பாலை மரம்தானே, யட்சி இருக்கிற மரத்தின் பேரை யாராவது வைப்பார்களா என்று கவலைப்பட்டாள். பத்மகுமாருக்குத் தென்காசி நாக்கு. எளிலி என்றார். பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் லேபில் ஆளுக்கொரு தினுசாக எழுதி போனில் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இசட் எச் என்று முடித்தேன். சொல்லத் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் சொல்வது என்று ஏற்பாடு. அதற்கு நான்கு நாள் முன்பு பத்மகுமார் மெல்ல ஆரம்பித்தார். அவர்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு அத்தைதான் பேர் சொல்ல வேண்டுமாம். பிள்ளையை மடியில் போட்டு, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மற்ற காதில் மூன்று தடவை சொல்வாளாம். அவள் வாயில் வருவதுதான் பேர். இதைச் சொல்லு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது மரியாதையில்லையாம்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. சுமந்தவள் நான், தையல் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் கிடப்பவள் நான், பேர் மட்டும் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வருமா என்று கேட்டேன். அவர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னார்.

அந்த அத்தை, உலகம்மை மதினி, அவருக்குப் பதினோரு வயது மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் பிறந்திருக்கிறது. ஆறாம் மாதத்திலிருந்தே மதினி வயிற்றைத் தடவிப் பூமாரி, பூமாரி என்று பேசிக்கொண்டிருப்பாளாம். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை அழவே இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உலகம்மையின் பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்ததாம். அதன் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

“அக்கா அந்தப் பேரத்தான் சொல்லுவா, திவ்யா. எனக்குத் தெரியும்.”

எனக்கு அழுகை வந்தது. இரக்கத்தில் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயத்தில்தான் அழுதேன். இறந்துபோன பிள்ளையின் பேரைச் சொல்லி என் பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன்? முடியாது என்றேன். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மதினி தனியாக வந்தாள். கை கால் கழுவிவிட்டு நேராகப் பிள்ளையிடம் போனாள். குளிப்பாட்டட்டுமா என்று என்னிடம் கேட்டாள். என் அம்மா கையில் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, மதினி நீட்டிய கால்களில் கிடந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கைகளுக்கு யார் பழக்கிக் கொடுத்தது என்று யோசித்தேன். துவட்டும்போது கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் ஒற்றி எடுத்தாள். பத்து விரலும் முடிந்த பிறகும் அந்தப் பாதத்தை விடவில்லை, பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான்கு நாளாகப் பிடித்த பிடிவாதமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மதினி, பூமாரின்னே சொல்லிக்கோங்க. எனக்குச் சம்மதம்தான் கேட்டோ.”

சொன்னதும் எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது. பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. நான் வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டது போல ஒரு பார்வை.

“தம்பி சொன்னானாக்கும்,” என்றாள். பிள்ளையை டவலில் சுற்றி முடித்தாள். “அந்தப் பேருல எனக்கு ஒரு பிள்ளை இருக்கா, திவ்யா. அவளுக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து இன்னொருத்திக்குக் குடுக்கச் சொல்லுதியா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூமாரி என்ற பேரை அவள் எங்கள் பிள்ளைக்கு வைத்துவிடுவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாளாகத் தவித்திருக்கிறோம். அவளோ அதை யாருக்கும் கொடுப்பதாகவே இல்லை.

மதினியே பேச்சை மாற்றினாள். பேர் சொல்பவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் கூடாது, அவளாகக் கேட்டால் தப்பில்லை, நீ என்ன பேர் நினைத்திருக்கிறாய் என்றாள். சொன்னேன். அர்த்தம் கேட்டாள், சொன்னேன். நல்ல பேர் என்று பிள்ளையின் நெற்றியை முகர்ந்தாள். பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். மதினி இடது காதை வெற்றிலையால் மூடி, வலது காதில் மூன்று தடவை எழிலி என்றாள். பத்மகுமார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து மூன்று மணி பஸ்ஸுக்கு மதினி புறப்பட்டாள். அவர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். படியில் நாங்கள் இருவர் மட்டும். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் தப்பாகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

“பூமாரிக்கு இப்ப என்ன வயசு, மதினி?”

அவள் யோசிக்கவே இல்லை.

“பன்னெண்டு. வார ஆவணிக்குப் பதிமூணு,” என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “பெரியவளாகுத வயசு. இனி எப்பன்னு சொல்ல முடியாது.”

ஆட்டோ வந்து நின்றது. நான் அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.