அப்பா போன அன்று என் முகம்

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேனாம். அண்ணன் அப்படித்தான் சொன்னான். வந்தவர்கள் பார்த்தார்கள், அத்தை பார்த்தாள், யாரோ எடுத்த படத்திலும் அது இருக்கிறது. எனக்கு நினைவில்லை. அன்று எனக்கு முகம் ஒன்று இருப்பதே நினைவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதமாக அவன் என்னோடு பேசவில்லை. அப்பாவும் போனபின் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அந்த மூஞ்சியைக் கழற்றியது வேலைதான். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ பழுதானால் ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டும் எண்ணில் ஒன்பது வருடமாகப் பதில் சொல்கிறேன். ஒவ்வொருவர் கம்ப்யூட்டர் ஓரத்திலும் உள்ளங்கை அளவு கண்ணாடி ஒட்டியிருக்கும். பேசும்போது அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

"பல்லு தெரியணும்மா. தெரியலைன்னா அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் கேட்டுடும்," என்பார் சூப்பர்வைசர்.

பக்கத்து இருக்கையில் ஒரு தோழி இருந்தாள். இடைவேளையில் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கவிடுவோம். கன்னம் இரண்டும் ஈரத்துணி மாதிரி இறங்கும். பெரும்பாலும் பேச்சே இருக்காது.

"நாம செத்தாக்கூட பொணம் பல்லை இளிச்சிக்கிட்டுத்தான்டி கிடக்கும்," என்பாள் எப்போதாவது.

"உன் பொணம் எதுன்னு உடனே தெரிஞ்சிடும். உன் எத்துப்பல்லை வெச்சே கண்டுபிடிச்சிடுவாங்க," என்பேன்.

இருவருமே சிரிக்க மாட்டோம். அதுவே சுகமாக இருந்தது.

அவள் வேலையை விட்டாள். இருக்கைகளுக்கு நடுவே தடுப்பு வந்தது. நான் தனியாகப் படிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முகம் இறங்கவில்லை. அதற்கும் எதிரே இன்னொரு முகம் வேண்டியிருந்தது போலும். சில வாரங்களில் போவதையே விட்டுவிட்டேன்.

வீட்டில் பல் துலக்கப் போனால் குளியலறைக் கண்ணாடியில் ஒருத்தி எனக்கு முன்பே வந்து சிரித்தபடி காத்திருப்பாள். குனிந்து வாய் கொப்பளித்து நிமிர்வேன். இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் தாடை வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. பகல்ல அடக்குறதையெல்லாம் ராத்திரி தாடை வாங்கிக்குது," என்றார்.

"நான் எதையும் அடக்கலையே டாக்டர். எனக்கு எதுவுமே தோணலை. அப்பா போனதுக்குக்கூட."

அவர் கையுறையைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். "மனசு தானா எல்லாத்தையும் தெரிஞ்சிக்கறதில்லைம்மா. முகம் எப்படி இருக்கு, நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு மூளை உடம்பைக் கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க முகம் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு வேற சொல்லுது. நாற்காலியில படுத்ததுலேருந்து உங்க கழுத்து நரம்பைப் பார்க்கிறேன். ஓட்டமா ஓடுது."

அடுத்த விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணி திறந்தாள். "வாம்மா," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அண்ணன் பேப்பரை இறக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்தேன். அவன் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து முடித்தான்.

"எதுக்கு வந்தே?"

"உன்னைப் பார்க்கத்தான்ணா."

பேப்பர் இறங்கியது. "இப்பவும் அதே இளிப்பு. இதைப் பார்க்கத்தான் நான் உசிரோட இருக்கேனா?"

கையை நீட்டினேன். "என் மணிக்கட்டைப் புடிச்சுப் பாரு. மூஞ்சியைப் பார்க்காதே."

வேண்டாவெறுப்பாக இரண்டு விரலை வைத்தான். சற்றுப் பொறுத்து மற்ற விரல்களும் வந்து சேர்ந்தன. பேப்பர் மடியிலிருந்து நழுவியது.

"என்னடி இது, இப்படி அடிக்குது?"

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கும்ணா. எனக்குத்தான் தெரியலை."

அவன் உதடு கோணியது. "கடைசி நேரத்துல அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எட்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவே இல்லை."

அது என் வேலை நேரம். உள்ளே போகும்போது எங்கள் ஃபோன்களை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் தேம்பிக்கொண்டிருந்தான்.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம்," என்றது என் குரல். கனிவாக, ஒரு பிசிறும் இல்லாமல்.

அண்ணனின் அழுகை நின்றது. உள்ளே குழாய்ச் சத்தமும் நின்றது.

"யார்கிட்டம்மா பேசுற?" என்று கேட்டான். அவன் பயந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது வெளியே வராதபடி உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டேன். அவன் என் மணிக்கட்டை விடவில்லை.